இடது பக்கத்து நிழல்

தயாளனிடம் ஒரு படத்தைக் காட்டினால் அதில் இருக்கும் ஆளை அவர் கடைசியில்தான் பார்ப்பார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பார். பிறகு அந்த வெளிச்சம் நிஜமா, யாராவது உட்கார்ந்து வைத்ததா என்று பார்ப்பார். பெரும்பாலும் வைத்ததுதான் என்பது அவர் கட்சி. காலையில் தமிழ்ப் பத்திரிகையைப் பிரித்தால் நேராகக் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்துக்குப் போவார். செத்தவர் யார் என்ற கவலை கிடையாது. இந்தக் கோட்டு இவருடையது இல்லை, கழுத்துக்குக் கீழே வேறு யாரோ என்று சொல்லிவிட்டு, பெரிய துப்புத் துலக்கியவர் மாதிரி மைலோவைக் குடிப்பார்.

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட்டில், மாலை கட்டும் கடைக்கும் புடவைக் கடைக்கும் நடுவே அவருடைய ஸ்டூடியோ இருந்தது. ஒடுக்கமான கடை. முன்னால் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் பிடிக்கும் ஸ்டூல், பின்னால் கம்ப்யூட்டர். பட்டமளிப்புப் படம், நிச்சயதார்த்தப் படம், அறுபதாம் கல்யாணப் படம் என்று முகங்களாகவே அவர் காலம் போயிருந்தது. படம் பிடிப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம், பிறகு உட்கார்ந்து சரி செய்வதுதான் வேலை என்பார். மொத்தப் படத்தையும் வெளுக்க வைப்பது கத்துக்குட்டிகள் செய்வது. தயாளன் முகத்தின் மேல் மட்டும் முட்டை வடிவத்தில் ஒரு வட்டம் இழுப்பார். அதற்குள் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, ஓரத்தைக் கரைத்துவிடுவார். வட்டத்துக்குள் பகல், வெளியே போகப் போகச் சாயங்காலம். அதற்குக் கிரேடியன்ட் என்று பெயர். பின்னால் ஏதாவது கண்ணை உறுத்தினால் படத்தின் விளிம்பிலிருந்து உள்பக்கமாக ஒரு கோடு இழுப்பார். விளிம்பு இருண்டு, உள்ளே வர வரத் தெளிந்துவிடும். அதுவும் கிரேடியன்ட்தான். ஒன்று காட்டுவதற்கு, இன்னொன்று மறைப்பதற்கு.

வருகிறவர்கள் யாரும் வெளுப்பாக்கச் சொல்லி வாய்விட்டுக் கேட்பதில்லை. கொஞ்சம் பளிச்சென்று போட்டுவிடுங்கள் என்பார்கள். தயாளனுக்கு அது புரியும். கேட்காதவர்களுக்கும் அவர் போட்டுவிடுவார்.

இப்படி நாள் முழுக்க மற்றவர்கள் முகத்தில் வித்தை காட்டுகிற மனுஷனுக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை இல்லாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாசாரில் மீன்காரன் சிரித்தால் மீன் பழசு. புவனா மெஸ்ஸில் அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தால் சாம்பார் நேற்றையது. அவர் மனைவி ஜெகதீஸ்வரி தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள். நூறு பிள்ளைகளின் கூச்சலைத் தாங்குகிறவள், இவருடைய சந்தேகத்தைத்தான் தாங்க முடியவில்லை என்பாள்.

இவர்களுக்கு ஒரே மகள், தனுஜா. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை. நிறத்தில் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். பள்ளிக்கூட நாட்களில் மதியம் கடைக்கு வந்து, அப்பாவின் கம்ப்யூட்டர் பக்கத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் பாலர் பள்ளிப் பட்டமளிப்பிலிருந்து பல்கலைக்கழகப் பட்டமளிப்பு வரை அவள் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாம் தயாளன் கைவேலை. சுவரில் அவள் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே போயிருந்தாள். அவருக்கு அது உறைத்ததே இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். நல்லதாக ஒன்று கையில் இருந்தால் பெற்ற பிள்ளைக்குத்தானே முதலில் செய்வோம்.

இந்த நிலைமையில்தான் சாந்தினி அக்கா ஒரு வரன் கொண்டு வந்தாள். ஜெகதீஸ்வரிக்குத் தூரத்து உறவு, பினாங்கிலும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்திலும் பாதிக் கல்யாணங்களில் அவள் வாய் நுழைந்திருக்கும். பையன் பெயர் புவனேஸ்வரன், பெருநிலத்தில் நிபோங் திபால் ஊர். அப்பா இல்லை, அம்மா குணவதி மட்டும். செபராங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் இயந்திரப் பழுது பார்ப்பவன். குடி இல்லை, ஓட்டிப் போகச் சொந்தக் காடி இருக்கிறது. படம் வாட்ஸ்அப்பில் வந்தது.

ஜெகதீஸ்வரி படத்தைப் பார்த்துவிட்டு, பையன் லட்சணமாக இருக்கிறான் என்றாள். தயாளன் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினார். வேட்டி சட்டையில் பையன் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தான். வலது பக்கத்தில் மண்டப விளக்குகள் ஜொலித்தன. படத்தின் இடது பக்கம் மட்டும் விளிம்பிலிருந்து தோள்பட்டை தாண்டி, தாடை வரைக்கும் இருண்டு கிடந்தது. அத்தனை விளக்கு எரிகிற மண்டபத்தில் ஒரு பக்கம் மட்டும் எப்படி இருட்டு வரும்?

யாரோ கிரேடியன்ட் இழுத்திருக்கிறார்கள். அதுவும் தெரிந்த கை. ஓரம் அவ்வளவு அழகாகக் கரைந்திருந்தது. வேறு யார் பார்த்தாலும் மண்டபத்து வெளிச்சமே அப்படி என்று போய்விடுவார்கள்.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் எதற்கு மறைக்கிறான் என்று தயாளன் கேட்டார். ஜெகதீஸ்வரி, உங்களிடம் போய்ப் படத்தைக் காட்டினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும் என்று எழுந்து போனாள்.

அவருக்கு மனசு ஆறவில்லை. தாடையில் தழும்பு இருக்குமோ, காதில் ஏதும் கோளாறோ, தோலில் வெண்படையோ என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. கோயிலுக்குக் கேட்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லி, நேராகப் பார்க்கிற படம் ஒன்றை சாந்தினி அக்கா மூலமாக வாங்கினார். அடையாள அட்டைக்கு எடுக்கிற மாதிரியான படம் வந்தது. இரண்டு கன்னமும் சுத்தம். இரண்டு காதும் ஒழுங்காக இருந்தன. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகியிருப்பார்கள். தயாளனுக்குச் சந்தேகம்தான் கூடியது. முகத்தில் இல்லை என்றால் மறைத்தது முகத்தை இல்லை. பக்கத்தில் இருந்த எதையோ.

இதற்கிடையில் அவர்களும் பெண் படம் கேட்டிருந்தார்கள். முறைதானே. தயாளன் தீபாவளிக்கு எடுத்த தனுஜாவின் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்தார். முகத்துக்கு ஒரு வட்டம், கழுத்துக்கு ஒன்று, கையிரண்டும் தனித்துத் தெரிந்துவிடக் கூடாதே என்று கைக்கு இரண்டு. முடித்துப் பார்த்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது. அனுப்பிவிட்டு மறுபடியும் பையன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மனசாட்சி இல்லாதவர்கள் எப்படியெல்லாம் படத்தை மாற்றுகிறார்கள் என்று திட்ட ஆரம்பித்தார். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

வாட்ஸ்அப்பில் வருகிற படத்தில் பாதி விவரம் நசுங்கிப் போயிருக்கும். பிரிண்ட் போட வேண்டும், நசுங்காத படமாக அனுப்பச் சொல்லுங்கள் என்று சாந்தினி அக்காவைப் பிடித்தார். பையன் வெள்ளந்தியாக அனுப்பிவிட்டான். தயாளன் கடையின் முன் கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இருட்டை ஏற்றியவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதே இடத்தில் அதே மாதிரி ஒரு கோட்டை எதிர்ப்பக்கமாக இழுத்து, நிழலை மட்டும் மெல்ல மெல்லத் தூக்கினார். திரையில் புள்ளி புள்ளியாகப் பொரிந்துகொண்டு ஒன்று மேலே வந்தது.

ஒரு கை.

முழங்கையிலிருந்து விரல் வரைக்கும். பெண்ணின் கை. மற்றதெல்லாம் படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. அந்தக் கையை மட்டும் வெட்ட முடியவில்லை, வெட்டினால் பையனின் தோளும் போய்விடும். ஏனென்றால் கை அவன் தோளில்தான் இருந்தது. சும்மா பட்டும் படாமலும் இல்லை, விரலெல்லாம் விரித்து, உரிமையோடு. நல்ல கறுப்புக் கை.

தயாளன் நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். அவர் பயந்தது இதற்குத்தான். எவளோ ஒருத்தி இருக்கிறாள். அவள் இருக்கிற பக்கத்தை இருட்டாக்கிவிட்டு, இந்தப் பக்கம் என் பெண்ணைக் கேட்கிறான். நாளைக்கு இவள் பாலம் தாண்டிப் போய், யாருமில்லாத ஊரில் அழுதுகொண்டு நிற்பாள். நினைக்க நினைக்க அவருக்குக் கண் கலங்கியது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் நிறுத்தினால் பேச்சு பெண் பக்கம்தான் திரும்பும், அவளுக்குத்தான் ஏதோ குறை என்பார்கள். காரணம் சொன்னால் பையன் மறுப்பான். அதனால் ஆளை நேரில் வரவழைத்து, கையும் களவுமாகப் பிடித்து, எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். மகளிடம் மட்டும் நூல் விட்டுப் பார்த்தார். பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, உங்களுக்குச் சரி என்றால் எனக்கும் சரி என்றாள். எதற்கெடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்கிறவள் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டினாள். பாவம், வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறது என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியாயிற்று. காலையிலேயே தயாளன் கூடத்து நாற்காலிகளை மாற்றிப் போட்டார். பையனின் நாற்காலி ஜன்னலைப் பார்த்து. வெளிச்சம் முகத்தில் நேராக விழும், பொய் சொன்னால் கண் காட்டிக்கொடுத்துவிடும். தனக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்று. ஜெகதீஸ்வரி கேசரியைக் கிளறிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, பெண் பார்க்க வருகிறார்களா, ஐசி அட்டைக்குப் படம் எடுக்க வருகிறார்களா என்று கேட்டாள்.

குணவதியும் புவனேஸ்வரனும் சாந்தினி அக்காவும் வந்தார்கள். பையன் நேரிலும் படத்தில் இருந்த மாதிரியே இருந்தான், அதுவே தயாளனுக்கு எரிச்சலாக இருந்தது. அங்கிள் என்று கும்பிட்டுவிட்டு, காட்டிய நாற்காலியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தான். பாலத்தில் நெரிசல், நிபோங் திபாலில் மழை என்று பேச்சு போனது. குணவதி அதிகம் பேசுகிறவள் இல்லை. அவள் கண் சுவரில் இருந்த படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனது. தனுஜா காபித் தட்டோடு வந்ததும் அந்தக் கண் அவள் மேல் நின்றது. பிறகு மறுபடியும் சுவருக்குப் போனது. என்னத்தை இப்படி எடை போடுகிறாள் என்று தயாளன் அதையும் குறித்துக்கொண்டார்.

தனுஜா தட்டை மேசையில் வைக்கும் முன்பே அவருக்குப் பொறுமை போய்விட்டது. சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த பிரிண்ட்டை எடுத்து, மேசையில் விரித்தார். நிழல் தூக்கிய படம். புள்ளி புள்ளியாகப் பொரிந்து, அந்தக் கை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "இது நீங்க அனுப்புன படந்தான். உங்க தோள்ல கை போட்டிருக்கிற அந்தக் கருப்புப் பொண்ணு யாரு?"

சாந்தினி அக்கா வாயில் வைத்த கேசரியை முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. புவனேஸ்வரன் படத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு தனுஜாவைப் பார்த்தான். மாட்டிக்கொண்டவன் இப்படித்தான் விழிப்பான் என்று தயாளன் உள்ளுக்குள் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

தனுஜா தட்டைக் கீழே வைத்தாள்.

"அது என் கை ப்பா."

அவருக்கு அது காதில் விழுந்தது, ஆனால் ஏறவில்லை. மகள் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. எவ்வளவு நாளாக மனசைக் கலைத்து வைத்திருக்கிறானோ.

"சும்மா சொல்லாதம்மா. உன் கை இவ்வளவு கருப்பு இல்ல."

தனுஜா ஜன்னல் பக்கமாக வந்து, புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, முழங்கையிலிருந்து விரல் வரை தன் கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். பையன் முகத்தில் விழட்டும் என்று அவர் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்த வெளிச்சம் அவள் கை மேல் விழுந்தது. அதே விரல்கள், அதே மணிக்கட்டு, அதே நிறம். புள்ளிகள் மட்டும்தான் இல்லை.

இருபத்தேழு வருஷமாகப் பிடித்துக்கொண்டு நடந்த கை. தயாளன் மனைவியைப் பார்த்தார். ஜெகதீஸ்வரி விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தினி அக்கா கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் தன்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

தனுஜாதான் மெதுவாகச் சொன்னாள். இரண்டு வருஷப் பழக்கம். செபராங் ஜெயாவில் ஒரு சிநேகிதியின் கல்யாணத்தில் எடுத்த படம் அது, அவன் வேட்டி கட்டி ஒழுங்காக நின்ற படம் அது ஒன்றுதான். காதல் என்று வந்து நின்றால் அப்பா விடமாட்டார், பேசி வந்த வரன் மாதிரி வரட்டும் என்று அம்மாதான் சாந்தினி அக்காவைப் பிடித்தாள். தனுஜா முதலில் படத்தில் தன் கையை அழித்துப் பார்த்திருக்கிறாள், அவன் சட்டை கெட்டுப்போனது. அழித்திருந்தால் நீங்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் நிழல் போட்டேன், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வேலைதானே என்றாள். கிரேடியன்ட் இழுத்த அந்தத் தெரிந்த கை யாருடையது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் தயாளன். குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"சொல்லியிருந்தா அவர் மொகத்துல என்ன குறைன்னு தேடியிருப்பீங்க ப்பா. என் மொகத்துல தேடுன மாதிரி."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். தலையை நிமிர்த்த முடியாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானமாக இருந்தது. வந்தவர்கள் முன்னால் என்பதால் மட்டும் இல்லை, அவள் இதை எத்தனை வருஷமாக மனசில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த அந்தப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்ததாலும்தான்.

குணவதி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அண்ணே, நீங்க அனுப்புன படத்தப் பார்த்துட்டு எனக்கும் சந்தேகம் வந்துச்சு. இவன் காட்டுன பொண்ணு வேற, படத்துல இருக்கிற பொண்ணு வேற. அக்காவக் காட்டி தங்கச்சியத் தள்ளி விடுறாங்களோன்னு நெனச்சேன். இவந்தான் சொன்னான், அவங்க அப்பா எல்லாத்தையும் அப்படித்தான் செய்வாரு, விடுங்கம்மான்னு. அதான் வந்து நேர்ல பார்த்துட்டேன். எங்களுக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை, அவர் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தார்கள். தயாளன் காபியை எடுத்தார். ஆறிப் போயிருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தை மாதத்தில் நாள் பார்க்கலாம் என்றார். சாந்தினி அக்கா கேசரியை விழுங்கினாள். ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

புவனேஸ்வரன் என்ன நினைத்தானோ, தன் போனை எடுத்து, வெட்டாத படத்தைத் திறந்து அவரிடம் நீட்டினான். தயாளன் வாங்கிப் பார்த்தார். பழக்கத்தில் கண் முதலில் வெளிச்சத்தைத்தான் தேடியது. எங்கேயும் யாரும் ஒன்றும் வைக்கவில்லை. மண்டபத்து விளக்கு எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுந்திருந்தது. தேட ஒன்றும் கிடைக்காமல் போகவே, படத்தில் இருந்த ஆளைப் பார்த்தார். மகள் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவன் தோளில் கை போட்டிருந்தாள். சுவரில் இருந்த ஒரு படத்திலும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. இவ்வளவு அழகா இவள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் படத்த எனக்கு அனுப்புங்க தம்பி," என்றார்.

"எதுக்குப்பா?" என்று கேட்டாள் தனுஜா.

தயாளன் நிமிர்ந்தார். சும்மா பார்த்துக்கொள்ளத்தான் என்றார். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை. புவனேஸ்வரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்பட்டுமா என்று அவளைப் பார்த்தான். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் தலையசைக்கவில்லை.